சீமோன் சிலுவையைத் திருப்பிக் கொடுக்கவில்லை

ஏப்ரல் பதினெட்டு, பெரிய வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றே கால் மணிக்கு எங்கள் ஊர்க் கரட்டின் உச்சியில் இரண்டு இயேசு நின்றோம். ஒருவன் அலோசியஸ். மற்றவன் நான், சவரிராயன்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் சார், தப்பில்லை. அன்றைக்கு கோயிலில் செபம் வாசிக்கிற எங்கள் உபதேசியாரே சிலுவைப்பாதைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் மடியில் என்ன பை என்று நீங்கள்தான் கேட்டீர்கள். கேட்டீர்கள் என்றால் முழுப் பதிலையும் கேட்டுத்தான் ஆக வேண்டும். மணப்பாறையே இன்னும் வரவில்லை, திருச்சிக்கு நேரம் கிடக்கிறது. பைக்குள் இருப்பது டோப்பா. இயேசுவின் முடி. சுருள் போய்விட்டது. திருச்சியில் நாடகச் சாமான் கடை ஒன்று இருக்கிறது, கொடுத்தால் புதுசு மாதிரி ஆக்கித் தருவார்கள்.

நீங்கள் வேதக்காரரா? இல்லையா. சரி, சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள். அவர் சிலுவை சுமந்து போன வழியைப் பதினான்கு இடமாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் மண்டி போட்டுச் செபிப்போம். அந்த இடத்துக்கு ஸ்தலம் என்று பெயர். மற்ற ஊர்களில் படம் மாட்டியிருப்பார்கள். எங்கள் ஊரில் ஆட்களே நடிப்பார்கள். கோயிலில் கிளம்பி, தண்ணீர்த் தொட்டி, ரேஷன் கடை என்று சுற்றிக் கரட்டு மேல் போய் முடியும். நடத்துவது பங்கு இளையோர் இயக்கம். பங்கு என்றால் ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஜனங்கள். பத்தொன்பது வருஷமாக அந்த இயக்கத்துக்குத் தலைவர் நான். பத்தொன்பது வருஷமாக இயேசுவும் நான்.

வயது நாற்பத்தாறு. ஏன் சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? இளமை மனசில் இருக்கிறது.

தொழில் மைக்செட்டு. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் போவேன். வருஷம் பூராவும் ஊரில் என் பெயர் ‘ஏய் மைக்செட்டு’தான். ‘ஏய் மைக்செட்டு, கொய்ங்குது பாரு.’ ‘ஏய் மைக்செட்டு, சத்தத்தக் குறை.’ பெரிய வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். கிழவிகள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து என் அங்கியின் ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். “ஏசப்பா, எம்மவனுக்கு ஒரு நல்ல எடம் அமையணும்ப்பா” என்பாள் ஒருத்தி. அவள் மகன்தான் கல்லால் அடித்து என் கூம்புக் குழாயை நசுக்கினவன். அன்றைக்கு அதைக் கேட்க மாட்டேன். தலையில் கை வைத்து ஆசீர்வதிப்பேன்.

இந்த வருஷம் இருபதாவது. இருபது முடிந்ததும் ஆயர் கையால் பொன்னாடை போட வைக்கிறேன் என்று பழைய பங்குச் சாமியார் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். பொன்னாடை என்ன நிறம் என்பது வரைக்கும் பேசியாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து அவருக்கு மாற்றல். வந்து சேர்ந்தவர் ஃபாதர் எட்வின். முப்பத்தோரு வயது. கித்தார் வாசிப்பார். வந்த முதல் மாதமே பையன்களையும் பெண்பிள்ளைகளையும் கூட்டி வைத்துப் பாட்டு, விளையாட்டு, விவிலிய வினாடி வினா என்று ஆரம்பித்துவிட்டார். நானும் போனேன். நாற்காலி பிடிக்கும் ஆட்டத்தில் உட்கார்ந்தேன், நாற்காலி உடைந்துவிட்டது. அதற்கே எல்லாரும் சிரித்தார்கள். அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு முந்தின ஞாயிறு கூட்டம் போட்டார்.

“சவரியண்ணே, சிலுவையில அறையும்போது இயேசுவுக்கு என்ன வயசு?” என்றார்.

“அவரு உலகம் உண்டாகறதுக்கு முந்தியே இருக்கிறவரு. அவருக்கேது ஃபாதர் வயசு?” என்றேன்.

எப்படி? நல்ல பதில்தானே? அவர் விடவில்லை. “இளையோர் இயக்கத்துக்கு முப்பத்தஞ்சு வயசு வரைக்கும்தான் விதிண்ணே.”

“விதி வர்றதுக்கு முந்தியே நான் வந்துட்டேனே ஃபாதர்.”

“போன வருஷ வீடியோ பார்த்தேன். மாதாவா நடிச்ச பொண்ணு யாரு?”

“என் மக பிரின்சி.”

“அவளுக்கு வயசு?”

“பத்தொன்பது.”

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண்பிள்ளை சொல்லுகிறது: “தாய்க்குப் பத்தொன்பது, மகனுக்கு நாப்பத்தஞ்சு. ஃபாதர், இதவிடப் பெரிய புதுமை வேளாங்கண்ணியிலகூட நடந்ததில்ல.”

கூரை பிய்கிற மாதிரி சிரிப்பு. பிரின்சியும் சிரித்தாள். பெற்ற மகள் சார். போன வருஷம் என்னைச் சிலுவையிலிருந்து இறக்கி அவள் மடியில் கிடத்தினார்கள். மாதா துக்கத்தோடு மகன் முகத்தைப் பார்க்க வேண்டிய இடம். இவள், “அப்பா, காலு மரத்துப்போச்சு, எந்திரிங்கப்பா” என்றுவிட்டாள், உபதேசியார் செபம் வாசிக்கிற மைக்குக்குப் பக்கத்தில். என் மைக்கைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கரடு முழுக்கக் கேட்டது. மாதா ஆண்டவரை அப்பா என்று கூப்பிட்டது உலகத்திலேயே எங்கள் ஊரில்தான்.

கையைத் தூக்கச் சொல்லி அலோசியஸைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊரில் அலோசி என்போம். கல்லூரியில் படிக்கிறான், எங்கள் பங்கு கிரிக்கெட் அணிக்கு வேகப்பந்து போடுகிறவன். எடை ஐம்பது கிலோ இருந்தால் அதிகம். தாடி சொந்தமாக வளர்ந்திருக்கிறது. வேறு என்ன தகுதி சொல்லுங்கள்? என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவான். அவன் அப்பன் என்னைவிட இரண்டே மாதம் இளையவன். அந்த இரண்டு மாதத்துக்காகப் பெரியப்பா. அண்ணே என்றால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

நான் யாரையும் மிரட்டுகிற ஆள் இல்லை. “அன்னைக்குப் பார்த்து ஆம்ப்ளிஃபயர் ரிப்பேராயிட்டா என்ன ஃபாதர் செய்வீங்க?” என்று ஓர் அக்கறையில் கேட்டேன்.

“மெதுவாப் பேசிக்குவோம்ணே. ஆண்டவருக்குக் கேக்கும்” என்றார்.

அப்புறம்தான் எனக்கு சீமோன் வேஷம் தந்தார்கள். சீமோன் யார் தெரியுமா? வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த யாரோ ஒருத்தன். ஆண்டவர் தள்ளாடுகிறாரே என்று சிப்பாய்கள் அவனைப் பிடித்துச் சிலுவையைத் தூக்க வைத்தார்கள். ஐந்தாம் ஸ்தலத்தில் வருவான், ஆறாம் ஸ்தலத்தில் போய்விடுவான். இரண்டுக்கும் நடுவில் மாவு மில்லிலிருந்து ரேஷன் கடை வரைக்கும்தான் தூரம். வசனம் ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் ஊரில் வசனம் எல்லாம் முன்கூட்டியே பதிவு செய்தது, நடிக்கிறவர்கள் வாயை அசைத்தால் போதும். திண்டுக்கல் ஸ்டூடியோவில் என் மேற்பார்வையில் பதிவு செய்தோம். சீமோனுக்கு எதற்கு வசனம் என்று அப்போது நான்தான் வெட்டிவிட்டேன். இயேசுவின் குரல் என் குரல். அதை யாரும் மாற்ற முடியவில்லை. ஆள் அலோசி, குரல் நான். ஒத்திகையில் அவன் வாயை அசைப்பான், உள்ளேயிருந்து நான் பேசுவேன். கேட்கிற எனக்கே பாவமாக இருக்கும், என்னை நினைத்து.

திட்டம் எதுவும் கிடையாது சார். மாதா மேல் சத்தியம். சீமோனுக்கும் முடி நீளமாகத்தானே இருந்திருக்கும் என்று இந்த டோப்பாவை வைத்துக்கொண்டேன். சீமோன் வேலைக்குப் போய்விட்டு வருகிறவன், பழுப்பு அங்கிக்கு உள்ளே ஒரு வெள்ளை அங்கி போட்டிருக்கக் கூடாதா? போட்டிருந்தேன். வியர்வைக்கு.

அன்றைக்கு மாவு மில் பக்கத்தில் சிப்பாய் என்னைச் சாட்டையால் தொட்டான். போனேன். சிலுவையை வாங்கித் தோளில் வைத்தேன். உங்களிடம் சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒன்றுமே கனமில்லை! நான் சுமந்த காலத்தில் முழு வேங்கை மரம். இந்தப் பயல்கள் அலோசியின் உடம்புக்கு ஏற்ற மாதிரி இரும்புக் குழாய் வைத்து, மேலே ப்ளைவுட் அடித்து, பெயின்ட் பூசியிருக்கிறார்கள். கால் வைக்கிற கட்டையை நாலு குட்டி ஸ்க்ரூவில் நிறுத்தியிருந்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு இருபது அடிதான் நடந்திருப்பேன். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் நின்ற கிழவி ஒருத்தி செருப்பைக் கழற்றினாள்.

என்னைப் பார்த்துத்தான் சார் கழற்றினாள்.

“பெரியப்பா, ரேஷன் கடை வந்திருச்சு. சிலுவையக் குடுங்க” என்றான் அலோசி மெல்லிய குரலில்.

“இரு, கொஞ்ச தூரம் போகட்டும்.”

“வெரோணிக்கா வந்துட்டா பெரியப்பா.”

வெரோணிக்கா என்பவள் ஆண்டவர் முகத்தைத் துடைக்க, துணியில் அவர் முகம் அப்படியே பதிந்துவிடும். ஆறாம் ஸ்தலம். அந்தப் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. சிலுவை யார் தோளில் இருக்கிறதோ அவர்தானே ஆண்டவர்? என் முகத்தைத் துடைத்துவிட்டு, துணியை ஜனங்கள் பக்கம் விரித்துக் காட்டியது. அதில் அலோசியின் முகத்தை முன்னாலேயே அச்சடித்து வைத்திருந்தார்கள். என் வியர்வை, அவன் மூஞ்சி. உபதேசியார் சிரிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

அதற்கப்புறம் திருப்பிக் கொடுக்க நேரமே அமையவில்லை. ஒலிப்பதிவு ஓடிக்கொண்டே இருக்கிறதல்லவா? “எருசலேம் மகளிரே, எனக்காக அழ வேண்டாம்” என்று என் குரல் வந்தது. என் வாய் தானாக அசைந்தது. பத்தொன்பது வருஷப் பழக்கம். பின்னால் அவன் வாயும் அசைந்தது. இரண்டு வாய், ஒரு குரல். எருசலேம் மகளிர் நாலு பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றார்கள். ஒன்பதாம் ஸ்தலத்தில் ஆண்டவர் மூன்றாம் முறை விழ வேண்டும். நான் விழுந்தேன். அவனும் விழுந்தான். எழுந்திருக்கும்போது என்னைக் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். வேஷத்தில் இல்லாத காரியம்.

பத்தாம் ஸ்தலம் கரட்டு உச்சி. ஆடையை உரிய வேண்டிய இடம். சிப்பாய்களுக்கு யாரை உரிவது என்று தெரியவில்லை. நானே பழுப்பு அங்கியைக் கழற்றிப் போட்டேன். உள்ளே வெள்ளை. பக்கத்தில் அவனும் வெள்ளை. அந்த நேரம்தான் பதினொன்றே கால்.

ஃபாதர் ஓடி வந்தார். “அண்ணே, போதும்ணே. சிலுவைய அலோசிகிட்டக் குடுத்துட்டு ஓரமா நில்லுங்க.”

“ஆணி அடிக்கிற சத்தம் இப்ப வந்துரும் ஃபாதர். சிலுவையில ஆளில்லன்னா நல்லா இருக்காது.”

“செல்வின், டேப்ப நிறுத்து!” என்று கத்தினார். செல்வின் என் மச்சான், பெட்டி அவன் கையில். “மாமா சொல்லாம நிறுத்த மாட்டேன் ஃபாதர்” என்றுவிட்டான். விசுவாசம் என்றால் அது.

அலோசிதான் விட்டுக்கொடுத்தான். “விடுங்க ஃபாதர், பெரியப்பாவே ஏறட்டும்” என்றான். தோற்றுப்போனவன் வேறு என்ன சொல்வான்? ஏறும்போது என் காதில் சொன்னான்: “சிலுவையோட சேத்து மாட்டற பெல்ட்டு என் இடுப்புல இருக்கு பெரியப்பா. இப்பக் கழட்ட நேரமில்ல. கையில கயித்த இறுக்கிப் புடிச்சுக்கங்க.” பத்தொன்பது வருஷம் தொங்கினவனுக்குப் பாடம் சொல்கிறான்.

சிலுவையை நிமிர்த்தக் குழிக்குப் பக்கத்தில் நாலு சிப்பாய்கள் நின்றார்கள். முடியவில்லை. எனக்கு எண்பத்தெட்டு கிலோ. கடைசியில் இரண்டு பக்கத்துக் கள்வர்களும் அவரவர் சிலுவையிலிருந்து இறங்கி வந்து கை கொடுத்தார்கள். நல்ல பையன்கள். நிமிர்த்திவிட்டுத் திரும்ப ஏறிக்கொண்டார்கள்.

அப்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். ஆணி அடிக்கும் சத்தத்தில் கடைசி அடி போல என்று நினைத்தேன். கால் ஓரடி கீழே இறங்கியது. கையில் கயிறு வெட்டியது. உடனே காலுக்குக் கீழே மெத்தென்று ஊன்றிக்கொள்ள ஏதோ கிடைத்தது. அந்தக் கட்டையைவிட வசதியாக இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். கரட்டு மேல் எப்போதும் காற்று.

ஆண்டவர் சிலுவையில் ஏழு வார்த்தை பேசினார். மற்ற ஊர்களில் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நான் ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் புல்லாங்குழல் வைத்திருக்கிறேன். ஜனங்கள் அழ வேண்டாமா? மொத்தம் எட்டு நிமிடம். அந்த எட்டு நிமிடமும், சார், நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அடங்கியது. யாரும் சொல்லாமலே மண்டி போட்டார்கள். கிழவிகள் நெஞ்சில் அறைந்துகொண்டார்கள். உபதேசியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஃபாதர் எட்வின் அப்படியே நின்றார், கை கூப்பி. பத்தொன்பது வருஷத்தில் அப்படி ஓர் அழுகையை நான் பார்த்ததில்லை.

ஒரே ஒரு உறுத்தல். எல்லாருடைய பார்வையும் என் முகத்துக்குக் கீழேயே இருந்தது. ஆண்டவர் குனிந்து பார்க்கக் கூடாது, அதனால் ஓரக்கண்ணால் பார்த்தேன். அலோசி சிலுவையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான். என் பாதம் இரண்டும் அவன் தோளில். முகமெல்லாம் ரத்தம் ஏறிச் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு. வாயை மட்டும் அசைக்கிறான்: “பிதாவே, இவர்களை மன்னியும்.” அவன் வேஷம் முடிந்துவிட்டது, ஓரமாக நிற்க வேண்டியதுதானே? படத்தில் வரவேண்டும் என்ற ஆசை. பிள்ளைகளுக்கு இருக்கும்.

“அப்பா, அசையாதீங்கப்பா. தயவுசெஞ்சு அசையாதீங்க” என்கிறாள் பிரின்சி கீழேயிருந்து. “அம்மா, இவரே உம் மகன்” என்று என் குரல் வரும்போது அவள் நிஜமாகவே அழுதாள். அவளும் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இறக்கினார்கள். கட்டை உடைந்து கீழே கிடந்தது. இறக்கும்போது உடைத்திருப்பார்கள். செருப்பைக் கழற்றிய கிழவி வந்தாள். நான் ஆசீர்வதிக்கக் கையைத் தூக்கினேன். என்னைத் தாண்டிப் போய், தரையில் உட்கார்ந்திருந்த அலோசியின் வலது தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவளுக்குக் கண்ணில் புரை. ஆள் தெரியாது.

சாயந்திரம் என் மனைவி ஜெசிந்தா உப்பை வறுத்துத் துணியில் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

“எங்கடி?”

“அலோசி வீட்டுக்கு. ஒத்தடம் குடுக்க.”

“சிலுவை சுமந்தது நான். எனக்கு யாரு ஒத்தடம் குடுக்கறது?”

துணி முடிச்சை இறுக்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கு எப்போதும் அடுத்த வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஈஸ்டர் முடிந்து ஃபாதர் கூப்பிட்டார். கோபித்துக்கொள்வார் என்று தயாராகப் போனேன், விவிலியத்தோடு. “ஃபாதர், மத்தேயு, மாற்கு, லூக்கா, மூணுலயும் தேடிட்டேன். சீமோன் சிலுவையச் சுமந்தான்னு இருக்கு. திருப்பிக் குடுத்தான்னு எங்கயாச்சும் இருக்கா? யோவான்ல இந்தச் சீமோனே இல்ல.”

“இல்லண்ணே” என்றார். எட்டு வருஷம் குருமடத்தில் படித்தவர். “அலோசியப் போய்ப் பார்த்தீங்களா?” என்று மட்டும் கேட்டார். எதற்குப் பார்க்க வேண்டும்? அவன் வந்து என்னைப் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மே மாதம் கோடை முகாம். பாட்டு, கபடி, குழந்தைகளுக்கு விவிலிய வகுப்பு. கடைசி வாரம் வற்றிப்போன குளத்துக்குள் பங்குகளுக்கிடையே கிரிக்கெட். மைக்கில் வர்ணனை நான்தான். இறுதி ஆட்டத்தில் அலோசி பந்து போடவில்லை. வலது கை மேலே எழும்பவில்லையாம், எலும்பு டாக்டர் மூன்று மாதம் ஓய்வு என்றாராம். பவுண்டரிக் கோட்டில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தான், இடது கையால் தொடையில் தட்டி. நாங்கள் பக்கத்துப் பங்கிடம் தோற்றுப்போனோம். “நமது முன்னணிப் பந்துவீச்சாளர் காரணமின்றி ஓய்வில் இருக்கிறார்” என்று மைக்கில் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அவன் மட்டும் சிரித்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உடம்பில் வலு இல்லை சார். சிலுவையைக்கூட மாவு மில் வரைக்கும்தான் சுமந்தான்.

கோயில் அறிவிப்புப் பலகையில் அன்றைய படம் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அலோசி முழுசாக இருக்கிறான். எனக்கு முட்டிக்குக் கீழே மட்டும்.

மணப்பாறை வந்துவிட்டது. முறுக்கு வாங்குகிறீர்களா? எனக்கு வேண்டாம், உடம்பைக் குறைக்கிறேன். அடுத்த வருஷம் இருக்கிறதே. இயேசு இல்லையென்றால் சீமோன் இருக்கிறான், சீமோன் போதும் எனக்கு என்றுதான் இருந்தேன்.

ஜூன் எட்டாம் தேதி, பெந்தகோஸ்து ஞாயிறு, பூசை முடிந்ததும் பங்குப் பேரவை கூடியது. நான் ஜன்னலுக்கு வெளியே ஸ்பீக்கர் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த ஆண்டு முதல் சீமோன் வருகிற ஐந்தாம் ஸ்தலம் நடிக்கப்படாது, வாசிக்க மட்டும் செய்யப்படும் என்று தீர்மானம் வைத்தார்கள். எதிர்த்துக் கை தூக்கியது அலோசி ஒருவன்தான். இடது கையை.